ஆறு மாதம் முடிந்ததா? அங்கன்வாடியில் குழந்தையின் பெயரைப் பாருங்கள்

எங்கள் தெருப் பெண் ஒருத்தி, ஏழு மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சத்துமாவுக்காக மூன்று முறை அங்கன்வாடிக்கு நடந்தாள். முதல் நாள் சர்வர் வேலை செய்யவில்லை. மறுமுறை, பணியாளர் கூட்டத்துக்குப் போயிருந்தார். மூன்றாம் முறை, "உன் பெயர் புகுந்த வீட்டு ஊரில் இருக்கிறது, அங்கே போய் வாங்கிக்கொள்" என்றார்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவள், மாவுப் பொட்டலத்துக்காகக் கைக்குழந்தையோடு பஸ் ஏற வேண்டுமாம்!

2013-ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, பிரசவமாகி ஆறு மாதம் வரை தாய்க்கும், ஆறு மாதத்திலிருந்து ஆறு வயது வரை குழந்தைக்கும் அங்கன்வாடி வழியாக உணவு இலவசம். சட்டம் அவ்வளவுதான்.

வழுக்குவது அந்த ஆறாவது மாதத்தில். முதல் ஆறு மாதம் குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும், மாவு தாய்க்கு. அதன்பிறகு தாயின் பங்கு நின்றுவிடும். அங்கன்வாடிப் பதிவில் குழந்தையின் பெயர் ஏறியிருக்காவிட்டால் அதற்கும் கிடைக்காது, தாய்ப்பாலோடு இணை உணவு தொடங்க வேண்டிய அதே வாரத்தில். ஆகவே ஐந்தாம் மாதமே தாய் சேய் நல அட்டையோடு போய், "குழந்தையின் பெயர் ஏறிவிட்டதா, காட்டுங்கள்" என்று கேளுங்கள். "ஏற்றிவிடுகிறோம்" என்ற பதிலோடு திரும்பாதீர்கள்.

தாய்வீட்டில் இருந்தால் பதிவை அந்த ஊர் மையத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். அங்கன்வாடிப் பணியாளர்கள் பதிவு செய்யும் போஷன் டிராக்கர் செயலியில் அதற்கு வழி இருக்கிறது. பணியாளருக்குத் தெரியாவிட்டால் மேற்பார்வையாளரிடம் கேட்கட்டும். அலைய வேண்டியது நீங்களல்ல.

மூன்றாவது குழந்தைக்குக் கிடையாது என்று சில இடங்களில் சொல்கிறார்கள். பிரசவ உதவித்தொகைக்கான கட்டுப்பாட்டை இங்கே கொண்டுவந்து ஒட்டுகிறார்கள். உணவுக்கு அந்தக் கணக்கு இல்லை. எந்த நிற ரேஷன் அட்டை என்பதும் கேள்வியே அல்ல.

மாவு தருமுன் ஆளை உறுதிசெய்யச் செயலியில் எடுக்கும் முகப்பதிவு விழவில்லை என்று திருப்பி அனுப்பினால், அந்தத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். உரிய உணவு தராவிட்டால் ஈடாகப் பணம் தர வேண்டும் என்று அதே சட்டத்தின் 8-ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் பணத்தைத் தானாகக் கொண்டுவந்து தர யாரும் வரமாட்டார்கள். ஆனால் மனுவில் அந்தப் பிரிவை எழுதினால் மாவு வேகமாக வரும். முதலில் வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம், பலிக்காவிட்டால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுங்கள். ரசீது கையில் வராமல் அங்கிருந்து நகராதீர்கள்.