ரிக்கைத் திறக்கும் முன் மெயினை அணையுங்கள்

“அண்ணாச்சி, ரிக்குக்குக் காது அடைச்சுப் போச்சு. நாப்பது மீட்டர்ல ஒரே இரைச்சல். மீட்டர் எஸ்9-ஐ விட்டு இறங்கவே மாட்டேங்கு.”

ஹாம் ரேடியோ லைசென்ஸ் வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத தம்பி. ரிக் என்றால் ஹாம்கள் பேசவும் கேட்கவும் வைத்திருக்கும் செட்டு. நாற்பது மீட்டர் என்பது 7 மெகாஹெர்ட்ஸ் பேண்ட். எஸ்9 என்பது சிக்னல் பலம் காட்டும் முள்ளில் உயர்ந்த படி, இரைச்சலே அங்கே நின்றால் மற்ற எதுவும் கேட்காது. கையில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய 100 வாட் செட். பெஞ்சில் வைத்து, ஆன்டெனாவுக்குப் பதில் டம்மி லோடு என்ற ரெசிஸ்டரை மாட்டி, சப்ளை கொடுத்தேன். நிசப்தம். சிக்னல் ஜெனரேட்டரை ஒரு மைக்ரோவோல்ட்டுக்கும் கீழே இறக்கினேன், அப்போதும் தெளிவாகக் கேட்டது. “செட்டுல ஒண்ணும் இல்ல தம்பி. தூக்கிட்டுப் போ, ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாரேன்” என்றேன். அவன் முகத்தில் நம்பிக்கையே இல்லை.

தூத்துக்குடியில் இருபது வருடத்துக்கு மேலாக ரேடியோவும் பவர் சப்ளையும் பழுது பார்க்கிறேன். இரைச்சல் என்று வரும் செட்டுகளில் பெரும்பாலானவற்றில் பழுதே இருக்காது. வருவதற்கு முன் மூடியைத் திறந்து, அளவாக டியூன் செய்து வைத்திருக்கும் ஐஎஃப் காயில்களை ஸ்க்ரூ டிரைவரால் திருகிப் பார்த்திருப்பார்கள். இரைச்சலைத் தேடுவதைவிட அந்தத் திருகலைச் சரிசெய்வதுதான் பெரிய வேலை. தோளில் ஆட்டைப் போட்டுக்கொண்டு காடெல்லாம் தேடின கதை என்பார்களே, ஹாம் ரேடியோ இரைச்சல் முக்கால்வாசி அந்தக் கதைதான்.

பழுது செட்டிலா வெளியிலா என்று தெரிய ஒரு நிமிடச் சோதனை போதும். இரைச்சல் கேட்டுக்கொண்டிருக்கும்போதே பின்னால் இருக்கும் கோஆக்ஸை, அதாவது ஆன்டெனா கேபிளைக் கழற்றுங்கள். முள் விழுந்தால் இரைச்சல் ஆன்டெனா வழியாக வருகிறது, செட்டு தப்பித்தது. விழவில்லையென்றால் பவர் சப்ளையைக் கழற்றிவிட்டு யுபிஎஸ்ஸில் வரும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி ஒன்றில் ஓட்டிப் பாருங்கள். கேட்பதற்கு மட்டும் அது தாராளம். அதிலும் இரைச்சல் இருந்தால் அப்போது என்னிடம் கொண்டுவாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டில் கோஆக்ஸைக் கழற்றியதும் முள் அப்படியே படுத்தது. “அப்ப பக்கத்து வீடுதான் அண்ணாச்சி. புதுசா சோலார் போட்டிருக்காங்க. நான் மெயினையே ஆஃப் பண்ணிப் பார்த்துட்டேன், அப்பவும் இரைச்சல் நிக்கல” என்றான். பேச்சுவாக்கில் அந்த வீட்டுக்காரரோடு ஒரு சின்ன வாக்குவாதமும் ஆகியிருந்தது.

இங்கேதான் நம் ஊர் வீடுகளில் ஒரு பொறி இருக்கிறது. வெளிநாட்டு ஹாம் புத்தகங்களில் ‘மெயின் பிரேக்கரை அணை, ரேடியோவை பேட்டரியில் ஓட்டு, இரைச்சல் போனால் உன் வீடு, போகாவிட்டால் வெளியே’ என்று எழுதியிருக்கும். நம் வீட்டில் மெயினை அணைத்த மறுநொடி இன்வெர்ட்டர் ஏறிக்கொள்ளும். ஃபேன் சுற்றும், லைட் எரியும், மோடம் கண்சிமிட்டும். இருட்டாகவில்லையே என்று யாரும் யோசிப்பதில்லை. இன்வெர்ட்டரையும் பின்பக்க சுவிட்சில் அணைக்கச் சொன்னேன். எஸ்9-ல் இருந்த முள் எஸ்2-க்கு வந்தது. ஹாம்கள் குறித்த நேரத்தில் ஒரே அலைவரிசையில் கூடிப் பேசும் காலை நெட்டில் யாரோ திருச்சியிலிருந்து பேசிக்கொண்டிருந்தார். அவர் அரை மணி நேரமாக அங்கேயேதான் இருந்திருக்கிறார்.

எஸ்9-க்கும் எஸ்2-க்கும் ஏழு படி. படிக்கு 6 டெசிபல், மொத்தம் 42. பவர் கணக்கில் கிட்டத்தட்ட 16,000 மடங்கு. (மீட்டர்கள் கீழ்ப்பகுதியில் கொஞ்சம் பொய் சொல்லும், அதனால் எண்ணைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம்.) 2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது பாரதி பிரசாத் குழுவினர் தற்செயலாக போர்ட் பிளேரில் ஹாம் நிலையம் வைத்திருந்தார்கள். அந்தமானிலிருந்து செய்தி வந்த வழிகளில் அதுவும் ஒன்று. அப்படி ஒரு நாளில் இந்தப் பக்கம் கேட்பவன் வீட்டில் எஸ்9 இரைச்சல் இருந்தால் என்ன கேட்கும்?

பிறகு இன்வெர்ட்டரைப் போட்டு, பிளக்குகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினோம். குற்றவாளி ஒருவனல்ல, இருவர். மாடிப்படி எல்இடி பல்பு ஒன்று, ஃபைபர் மோடத்தின் அடாப்டர் இன்னொன்று. இதனால்தான் ஒன்றைப் பிடுங்கிவிட்டு ‘குறையவில்லையே’ என்று மறுபடி செருகிவிடக்கூடாது. பிடுங்கியது பிடுங்கியபடியே இருக்கட்டும். இரண்டு இரைச்சல் ஒரே அளவில் இருந்தால், ஒன்று போனாலும் முள் அரைப் படிதான் அசையும்.

அடாப்டர் எப்படியும் மாற்ற வேண்டியதுதான் என்று கடைக்குக் கொண்டுவந்து பிளந்து பார்த்தேன். போர்டில் மின்சாரம் நுழையும் இடத்தில், இரைச்சலை வடிகட்டும் சோக் காயிலுக்கென்று நான்கு ஓட்டை, பக்கத்தில் வெள்ளை எழுத்தில் அதன் பெயர், எல்லாம் இருந்தது. காயில் மட்டும் இல்லை. அந்த இடத்தில் ரெசிஸ்டரிலிருந்து வெட்டிய கால் மாதிரி இரண்டு ஜம்பர் கம்பி. அதே வடிகட்டும் வேலைக்கான எக்ஸ் கபாசிட்டர் இருக்க வேண்டிய இடம் காலி. வடிவமைத்தவர் யோக்கியர், பொருத்தியவர் காசு மிச்சம் பிடித்திருக்கிறார். இந்தக் காட்சியை நான் பார்க்காத மாதமில்லை. வடிகட்டி இல்லாத அந்த அடாப்டர் தன் சுவிட்சிங் குப்பையை மின்கம்பிக்கே திருப்பித் தள்ளும், வீட்டு வயரிங் முழுக்க அதற்கு ஆன்டெனா ஆகிவிடும். நாற்பது மீட்டருக்கு கால் அலை நீளம் 10 மீட்டர்தான். எந்த வீட்டுச் சுவரில் 10 மீட்டர் வயர் இல்லை?

திறந்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 230 வோல்ட்டை நேராக்கினால் பெரிய கபாசிட்டரில் 325 வோல்ட் நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சில நேரம் நிற்கும். ஜம்பரை எடுத்துவிட்டு நீங்களே கபாசிட்டர் போடுவதானால் எக்ஸ்2, ஒய்2 என்று அச்சிட்டது மட்டும்தான். பழைய போர்டில் கழற்றிய சாதா கபாசிட்டரை அங்கே வைத்தால் இரைச்சல் போகும், ஒருநாள் ஆளும் போவான். நான் பெரும்பாலும் வேறு நல்ல அடாப்டர் வாங்கிக்கொள் என்று சொல்லிவிடுவேன்.

கொஞ்ச நாள் பழகினால் காதே சொல்லிவிடும். 65 கிலோஹெர்ட்ஸில் சுவிட்ச் ஆகும் அடாப்டர் 65 கிலோஹெர்ட்ஸுக்கு ஒரு இரைச்சல் திட்டு வைத்துக்கொண்டே போகும், சூடாகும்போது திட்டு மெல்ல நகரும். நாற்பது மீட்டரில் நமக்கு இருப்பதே 7.000 முதல் 7.200 மெகாஹெர்ட்ஸ் வரை, அதில் மூன்று திட்டு விழுந்தால் மிச்சம் என்ன? சூரியனோடு வந்து சூரியனோடு போனால் சோலார். ரிமோட்டில் வேகத்தைக் கூட்டும்போது சுருதி மாறினால் பிஎல்டிசி ஃபேன். விட்டுவிட்டு அடித்தால் இண்டக்‌ஷன் அடுப்பு. 14.030 மெகாஹெர்ட்ஸில் பேச்சில்லாத வெறும் கேரியர் அலை ஒன்று மெலிதாக அசையாமல் நின்றால் நெட்வொர்க் கேபிளைப் பாருங்கள். வெயில் காலத்தில், காற்று அடிக்கும்போது ‘கர்ர்ர்’ என்று எல்லா பேண்டிலும் கேட்டு, ஒரு மழை பெய்ததும் காணாமல் போனால் அது கரண்ட் போஸ்டில். எங்கள் ஊரில் உப்புக்காற்று வேறு.

அப்படி ஒன்றை நான் தேடிய விதம் இது. மீடியம் வேவ் பாக்கெட் ரேடியோவை ஸ்டேஷன் இல்லாத இடத்தில் வைத்து நடந்தேன். அதற்குள் இருக்கும் ஃபெரைட் கம்பியின் முனை இரைச்சலைப் பார்க்கும்போது சத்தம் சட்டென்று மறையும். உரக்கக் கேட்கும் திசையைவிட, மறையும் திசைதான் துல்லியம். ஆனால் லைன் முழுக்க மீடியம் வேவ் இரைச்சல் ஓடுவதால் அது தெருவைத்தான் காட்டும், போஸ்டைக் காட்டாது. போஸ்டைப் பிடிக்க மேலே போக வேண்டும். விமானங்கள் பேசும் 118 முதல் 136 மெகாஹெர்ட்ஸ் வரை ஏஎம்-தான், அதைக் கேட்கும் ஹேண்ட் செட்டில் திசை காட்டும் மூன்று கம்பி யாகி ஆன்டெனா மாட்டிப் பார்த்தேன். மூன்றாவது போஸ்டுக்குக் கீழே முறுக்கிக்கொண்டு கேட்டது. லைன்மேனிடம் “லைட்டு போகலண்ணே, ஆனா மேல எங்கயோ பொறி பறக்கு” என்றேன். சப்ளையை நிறுத்திவிட்டு ஏறியவர், பீங்கானில் கட்டிய கம்பி தளர்ந்திருப்பதைக் காட்டினார். பழைய ஆட்கள் சிலர் போஸ்டைச் சுத்தியலால் தட்டியோ ஸ்டே கம்பியை உலுக்கியோ சோதிக்கச் சொல்வார்கள். செய்யாதீர்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. நாம் பேசும்போது நம் லேப்டாப் மவுஸ் உறைவது, மைக்கைத் தொட்டால் உதடு சுருக்கென்பது, பக்கத்து வீட்டு ஸ்பீக்கரில் நம் குரல் வாத்து மாதிரி கத்துவது. இதற்கும் முதலில் செட்டைக் குறை சொல்ல வேண்டாம். டம்மி லோடில் முழு பவர் கொடுத்துப் பாருங்கள். கோளாறு மறைந்தால் ஆர்எஃப், அதாவது நாம் அனுப்பும் ரேடியோ அலை, ஆன்டெனா பக்கமிருந்துதான் அறைக்குள் திரும்பி வருகிறது. பெரும்பாலும் மொட்டைமாடியிலிருந்து இறங்கும் கோஆக்ஸின் மேல்தோல்தான் அது நடந்துவரும் வழி. ஒரு முனையில் மட்டும் கோஆக்ஸ் சேரும் வயர் ஆன்டெனா வைத்து, எதிர்க்கம்பி எதுவும் விடாதவர்கள் வீட்டில் இது நிச்சயம். நாற்பது மீட்டருக்கு எதிர்க்கம்பியாக ஒரு 2 மீட்டர் கம்பியைத் தொங்கவிட்டு, அதன்பிறகு கோஆக்ஸை ஃபெரைட் வளையத்தில் சுற்றி ஒரு சோக் போட்டால் பாதிச் சண்டை தீரும்.

சோக் என்றதும் எல்லாரும் வாங்குவது கேபிளில் கடிக்கிற மாதிரி மாட்டும் சின்னக் கறுப்பு உருளை. 7 மெகாஹெர்ட்ஸில் அது ஒன்றை மாட்டினால் மனத்திருப்திதான் மிச்சம். ஃபெரைட்டில் சுற்றுதான் கணக்கு, அதுவும் வர்க்கக் கணக்கு. ஒரு சுற்றுக்கு ஒன்று என்றால் ஐந்து சுற்றுக்கு 25. அடாப்டர் வயரோ மைக் வயரோ, எதுவானாலும் பெரிய வளையத்தில் ஏழெட்டுச் சுற்று. கோஆக்ஸ் என்றால் 2.4 அங்குல வளையத்தில் ஆர்ஜி-58 பத்துப் பன்னிரண்டு சுற்று. நாற்பது மீட்டர் போன்ற எச்எஃப் பேண்டுகளுக்கு 31-ஆம் நம்பர் ஃபெரைட் கலவை கேட்டு வாங்குங்கள், 43 மேல் பேண்டுகளில்தான் நன்றாக வேலை செய்யும். பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளையில் கிடைக்கும் மஞ்சள்-வெள்ளை வளையம் இதற்கு ஆகாது, அது இரும்புத்தூள். பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் எத்தனையோ பேர் அதில் சுற்றிவிட்டு ‘ஃபெரைட் எல்லாம் சும்மா’ என்கிறார்கள்.

தம்பியின் பக்கத்து வீட்டு சோலாரும் சுத்தமில்லை. மதியம் எஸ்4 வரை ஏறத்தான் செய்தது. ஆனால் தன் வீட்டு எஸ்9-ஐ வைத்துக்கொண்டு அவர் வாசலில் போய் நின்றதில் நியாயமில்லை. லைசென்ஸ் காகிதத்தைக் காட்டினால் யாரும் இன்வெர்ட்டரை அணைக்கப் போவதில்லை. மறுவாரம் இருவரும் போனோம். கையில் ஒரு ஃபெரைட் வளையமும், பேட்டரியில் பாடும் சின்ன ரேடியோவும். “மாமா, உங்க பாக்ஸ் பக்கத்துல இத வச்சுக் கேளுங்க” என்று தம்பி நீட்டினான். கேட்டுவிட்டு அவரே ஆச்சரியப்பட்டு, பேனல் போட்டவருக்கு ஃபோன் போட்டார். பேனலிலிருந்து வரும் இரண்டு கம்பியும் தனித்தனியாக ஓடி நடுவில் பெரிய வளையம் போட்டிருந்தன. அந்த ஆள் வந்து சப்ளையைப் பிரித்து, இரண்டையும் சேர்த்துக் கட்டி, ஃபெரைட்டிலும் சுற்றிக் கொடுத்தார். மதியம் இப்போது எஸ்3.

நேற்று இரவு தம்பி மறுபடி ஃபோன். “அண்ணாச்சி, சாயங்காலம் ஆறு மணியிலேருந்து எஸ்9. மெயின், இன்வெர்ட்டர் ரெண்டையும் அணைச்சுட்டேன், போகல. ஏஎம் ரேடியோவ எடுத்துட்டு தெருவுக்கு வந்துட்டேன்.”

பின்னால் மேளச்சத்தம் கேட்டது. தெரு முழுக்கச் சீரியல் செட்டு, அம்மன் கோயில் கொடை.

“மூணு நாள்தான தம்பி. ரேடியோவ உள்ள வச்சுட்டு போய் சாமி கும்பிடு.”