வெள்ளை போர்டு பஸ்ஸில் பூஜ்ஜிய ரூபாய் டிக்கெட்: யாருக்கு, எந்த பஸ்ஸில், யார் பணத்தில்?

"பெண்களுக்கு பஸ் ஃப்ரீ" என்ற ஒரு வரி ஊருக்கே தெரியும். ஆனால் எந்த பஸ்ஸில், கூட வரும் பையனுக்கு டிக்கெட் எடுக்கணுமா, காசே இல்லாதபோது அந்த டிக்கெட் எதற்கு, இதற்கெல்லாம் யார் பணம் கட்டுகிறார்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வருகிறது. விடியல் பயணத் திட்டத்தைச் சென்னையை வைத்து முழுசாகச் சொல்லிவிடுகிறேன். திட்டம் தமிழ்நாடு முழுக்க உண்டு என்றாலும் குழப்பம் அதிகம் இருப்பது சென்னையில்தான், ஏனென்றால் இங்கேதான் ஒரே ரோட்டில் இத்தனை வகை பஸ் ஓடுகிறது.

முதலில் இது எப்படி வந்தது என்பது. 2021 சட்டமன்றத் தேர்தலில் இரண்டு பெரிய கட்சிகளுமே பெண்களின் பஸ் கட்டணத்தைப் பற்றிப் பேசின. நகரப் பேருந்தில் பாதிக் கட்டணம் என்றது அதிமுக, முழுக்கவே கட்டணமில்லை என்றது திமுக. திமுக ஜெயித்தது, மே 7 அன்று ஸ்டாலின் முதல்வராகப் பொறுப்பேற்றதும் போட்ட முதல் ஐந்து கையெழுத்துகளில் இதுவும் ஒன்று. மறுநாளே அமலுக்கு வந்துவிட்டது, ஆனால் அடுத்த இரண்டு நாளில் கொரோனா முழு ஊரடங்கு. அதனால் சென்னைப் பெண்கள் இதை உண்மையிலேயே பயன்படுத்தத் தொடங்கியது ஜூன் கடைசியில் பஸ்கள் மறுபடி ஓடிய பிறகுதான். அதற்குள் திருநங்கைகளுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், அவர்களுக்குத் துணையாக வரும் ஒருவருக்கும் சலுகை விரிவானது. 2024-25 பட்ஜெட்டில் நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை போன்ற மலைப்பகுதிகளும் சேர்ந்தன. அங்கே டவுன் பஸ் என்ற வகையே சரியாகப் பொருந்தாததால் அதுவரை அந்தப் பெண்களுக்கு இதனால் பெரிய பயன் இல்லாமல் இருந்தது.

சரி, எந்த பஸ்? அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்து, அவ்வளவுதான். சென்னையில் இதைத்தான் வெள்ளை போர்டு என்கிறோம். எக்ஸ்பிரஸ், டீலக்ஸ், ஏசி எதிலும் கிடையாது. வெளியூருக்குப் போகும் ரூட் பஸ்ஸில் கிடையாது, மற்ற ஊர்களில் ஓடும் தனியார் டவுன் பஸ்ஸிலும் கிடையாது. மெட்ரோவும் புறநகர் ரயிலும் இந்தத் திட்டத்துக்குள் வரவே வராது.

கவனிக்க வேண்டியது, பஸ் நம்பரை வைத்து முடிவு செய்ய முடியாது என்பது. ஒரே நம்பரில், ஒரே வழியில், வெள்ளை போர்டும் ஓடும், டீலக்ஸும் ஓடும். டிஜிட்டல் போர்டு வந்த பிறகு தூரத்திலிருந்து பார்த்தால் எது எதுவென்று தெரியாமல் போனது, அவசரத்தில் ஏறிவிட்டு கண்டக்டர் காசு கேட்டதும் அடுத்த ஸ்டாப்பில் இறங்கிய பெண்கள் நிறைய. அதனால்தான் 2022 ஆகஸ்ட்டில் சாதாரணக் கட்டண பஸ்களின் முன்பக்கமும் பின்பக்கமும் பிங்க் நிறம் அடித்தார்கள். பிங்க் தெரிந்தால் ஏறலாம். சந்தேகம் இருந்தால் படியில் கால் வைப்பதற்கு முன் கேட்டுவிடுங்கள், ஏனென்றால் டீலக்ஸில் தெரியாமல் ஏறினாலும் முழுக் கட்டணம்தான், அங்கே பெண்களுக்கென்று எந்தத் தள்ளுபடியும் இல்லை.

யார் ஏறலாம் என்பதில்தான் இந்தத் திட்டத்தின் மிக நல்ல விஷயம் இருக்கிறது. வயது வரம்பில்லை, வருமான வரம்பில்லை, விண்ணப்பம் இல்லை, ஆதாரும் ரேஷன் கார்டும் காட்ட வேண்டியதில்லை. கர்நாடகத்தில் 2023 ஜூனில் தொடங்கிய சக்தி திட்டத்தில் எக்ஸ்பிரஸ் பஸ்ஸில்கூடப் போகலாம், மாநிலத்தின் ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடி வரை போகலாம், அந்த விஷயத்தில் அவர்கள் நம்மைவிட ஒரு படி மேலே. ஆனால் அங்கே கர்நாடகப் பெண் என்று காட்ட அடையாள அட்டை வேண்டும். இங்கே அப்படி இல்லை. ஒடிசாவிலிருந்து வந்து அம்பத்தூரில் வேலை பார்க்கும் பெண்ணும், பெசன்ட் நகரில் சொந்த வீடு வைத்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியையும் ஒரே பஸ்ஸில் ஒரே மாதிரி ஏறலாம்.

"வசதியானவர்களுக்கும் எதற்கு" என்று கேட்பவர்கள் உண்டு. யாருக்கு வசதி, யாருக்கு இல்லை என்று பிரிக்க ஒரு விண்ணப்பம், அதைச் சரிபார்க்க ஒரு அலுவலகம், ஒரு சான்றிதழ், அதை வாங்க ஒரு நாள் கூலி இழப்பு என்று போய்க்கொண்டே இருக்கும். அந்த வரிசையில் கடைசியில் நின்று பெயர் விடுபட்டுப் போகிறவர் எப்போதும் அந்தச் சலுகை அதிகம் தேவைப்பட்டவராகத்தான் இருப்பார். கூட்ட நேரத்து வெள்ளை போர்டில் தொங்கிக்கொண்டு வருகிறவரிடம் வருமானச் சான்று கேட்க வேண்டியதில்லை என்பதுதான் என் கருத்து.

குழந்தைகள் விஷயம். ஐந்து வயது வரை எந்தக் குழந்தைக்கும் எந்த அரசு பஸ்ஸிலும் கட்டணம் இல்லை, இது 2022-ல் வந்த தனி அறிவிப்பு. அதற்கு மேல் பெண் குழந்தை என்றால் வெள்ளை போர்டில் அம்மாவைப் போலவே. பையனுக்கு 12 வயது வரை அரை டிக்கெட் எடுக்க வேண்டும், அவன் பள்ளி மாணவனுக்கான பஸ் பாஸில் வந்தால் வேறு. வீட்டில் 60 வயது தாண்டிய ஆண் இருந்தால் அவருக்கும் ஒரு சலுகை இருப்பது பலருக்குத் தெரியவில்லை. சென்னையில் வசிக்கும் மூத்த குடிமக்களுக்கு மாதம் பத்து இலவசப் பயண டோக்கன், 2016 முதல் கொடுக்கிறார்கள், குறிப்பிட்ட டிப்போக்களில் ஆறு மாதத்துக்குச் சேர்த்து வாங்கிக்கொள்ளலாம். அப்புறம், வேலைக்கு டீலக்ஸில் போவதைத் தவிர வேறு வழியில்லாத பெண்கள் ஆயிரம் ரூபாய் மாதாந்திர பாஸைக் கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏசி அல்லாத எல்லா மாநகர பஸ்ஸிலும் அது செல்லும்.

இப்போது டிக்கெட். கட்டணம் இல்லை என்றாலும் கண்டக்டர் உங்களுக்கு ஒரு டிக்கெட் கொடுக்க வேண்டும், நீங்களும் அதை வாங்க வேண்டும். பலர் கை நீட்டுவதே இல்லை, வாங்கியவர்களும் உடனே கசக்கிப் போட்டுவிடுகிறார்கள். அந்தச் சீட்டுதான் கணக்கு. எந்த ரூட்டில் எந்த நேரத்தில் எத்தனை பெண்கள் ஏறினார்கள் என்பது அதில்தான் பதிவாகிறது, அதை வைத்துத்தான் போக்குவரத்துக் கழகங்களுக்கு அரசு ஈடு கொடுக்கிறது. உங்கள் ரூட்டில் கூட்டம் இருக்கிறது, பஸ் போதாது என்று நாளைக்குச் சொல்லப்போகும் ஆதாரமும் அதேதான். ஆகவே கொடுக்காவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

அந்த ஈட்டுத்தொகை எவ்வளவு என்று பார்ப்போம். 2021-ல் அறிவித்தபோது ஆண்டுக்கு 1,200 கோடி ரூபாய் என்றார்கள். 2023-24 பட்ஜெட்டில் அது 2,800 கோடி, 2024-25-ல் 3,050 கோடி, 2025-26-ல் 3,600 கோடி. நாலு வருடத்தில் மூன்று மடங்கு. நாளொன்றுக்கு ஏறக்குறைய பத்துக் கோடி ரூபாய். பெரிய தொகைதான். அதே 2025-26 பட்ஜெட்டில் மகளிர் உரிமைத்தொகைக்கு ஒதுக்கியது 13,807 கோடி, அதில் கால்வாசிக்குச் சற்று மேல் இது. இந்த ஏற்றத்தைக் காட்டி வீண்செலவு என்று சொல்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள், தொகை கூடியதற்கு முக்கியக் காரணம் பயணங்கள் கூடியது. முன்பு நடந்து போனவர்களும், போகாமலே இருந்தவர்களும் இப்போது பஸ் ஏறுகிறார்கள், திட்டம் போட்டதே அதற்குத்தான்.

இந்தப் பணம் பயணியின் கைக்கு வருவதில்லை என்பதால் யாரோ தானம் கொடுத்த மாதிரி ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. 2022 செப்டம்பரில் அப்போது அமைச்சராக இருந்த பொன்முடியே ஒரு மேடையில் பெண்களைப் பார்த்து ஓசியில் போகிறீர்கள் என்கிற தொனியில் பேசி, பெரிய எதிர்ப்பு வந்தது. அதற்கு முன்பே, 2021 டிசம்பரில், குளச்சலில் மீன் விற்று வந்த ஒரு வயதான அம்மாவை நாற்றம் அடிக்கிறது என்று பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள். முதல்வரே கண்டித்தார், சம்பந்தப்பட்ட பணியாளர்கள் பணியிடை நீக்கம் ஆனார்கள். மேலே இருந்து உத்தரவு வந்தால் மட்டும் பஸ்ஸுக்குள் மரியாதை வந்துவிடாது. நீங்கள் ஏறும் ஒவ்வொரு முறையும் உங்களுக்கான கட்டணத்தை அரசு கட்டுகிறது, அந்த அரசின் கஜானாவில் நீங்கள் வாங்கும் சோப்புக்கும் செருப்புக்கும் கட்டிய வரியும் இருக்கிறது. காசு கொடுத்து டிக்கெட் எடுத்தவரிடம் எப்படிப் பேசுவார்களோ அப்படித்தான் உங்களிடமும் பேச வேண்டும்.

இதனால் யாருக்கு என்ன மிச்சம்? மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு, ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்றது. வீட்டு வேலை செய்து மாதம் எட்டாயிரம் சம்பாதிப்பவருக்கு இது பத்தில் ஒரு பங்குக்கும் மேல். கண்ணகி நகர், பெரும்பாக்கம், செம்மஞ்சேரியை நினைத்துப் பாருங்கள். கூவம் கரையிலிருந்தும் அடையாறு கரையிலிருந்தும் பெயர்த்து எடுத்து நகரத்தின் ஓரத்தில் குடிவைக்கப்பட்ட குடும்பங்கள். வீடு மாறியது, வேலை மாறவில்லை, அது இன்னும் மயிலாப்பூரிலும் அடையாறிலும் தி.நகரிலும்தான் இருக்கிறது. காலையில் இரண்டு பஸ் மாறிப் போய், சாயந்திரம் இரண்டு பஸ் மாறி வர வேண்டும். கட்டணம் கொடுத்துப் போனால் ஒரு வீட்டுச் சம்பளம் பஸ்ஸுக்கே போய்விடும் என்று வேலையை விட்டவர்கள் அங்கே உண்டு. இந்தத் திட்டத்தின் முழு மதிப்பும் அங்கேதான் தெரியும்.

அங்கேதான் இதன் ஓட்டையும் தெரிகிறது. அரசாணை சலுகையைப் பெண்ணுக்குக் கொடுத்திருக்கிறது என்று நினைக்கிறோம், நடைமுறையில் அது ஒரு வகை பஸ்ஸோடு கட்டப்பட்டிருக்கிறது. அந்த பஸ் வந்தால் சலுகை உண்டு, வராவிட்டால் இல்லை. மாநகர் போக்குவரத்துக் கழகத்திடம் மூவாயிரத்துக்கு மேல் பஸ்கள் இருந்தாலும், திட்டம் வந்த பிறகும் அதில் வெள்ளை போர்டு ஏறத்தாழ பாதிதான். கண்ணெதிரே டீலக்ஸ் ஒன்று, ஏசி ஒன்று, மறுபடி டீலக்ஸ் என்று போய்க்கொண்டிருக்க, ஸ்டாப்பில் பெண்கள் கூட்டமாக நிற்பதைச் சென்னையில் எந்த மாலையிலும் பார்க்கலாம். ஏழு மணிக்குள் வீட்டுக்குப் போய் உலை வைக்க வேண்டியவர் எவ்வளவு நேரம் நிற்பார்? கடைசியில் ஷேர் ஆட்டோவுக்கோ டீலக்ஸுக்கோ காசு கொடுத்துத்தான் போகிறார். அவரைப் பொறுத்தவரை அன்றைக்கு 3,600 கோடியில் ஒரு பைசாகூட வரவில்லை.

போக்குவரத்துக் கழகங்களின் நிலைமையும் இதற்கு ஒரு காரணம். பஸ் கட்டணம் பெரிதாக உயர்ந்தது 2018 ஜனவரியில், அப்போது எழுந்த போராட்டத்தில் கொஞ்சம் குறைக்க வேண்டி வந்தது, அதன் பிறகு எந்த அரசும் அதைத் தொடவில்லை. டீசலும் சம்பளமும் மட்டும் ஏறிக்கொண்டே போகின்றன. ஓய்வுபெற்ற ஊழியர்களின் அகவிலைப்படி பாக்கி உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக 2024 ஜனவரியில் தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தமே செய்தன, பொங்கலுக்கு முன்பு, இரண்டு நாள். இப்படிக் கையைக் கடிக்கும் நிலையில் இருக்கும் ஒரு கழகம், பணம் உடனே கைக்கு வரும் டீலக்ஸை ஓட்டப் பார்க்கும், ஈடு எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டிய வெள்ளை போர்டைக் குறைக்கப் பார்க்கும். இந்த இழுப்பைத் தடுக்க ஒரே வழி, பட்ஜெட்டில் எத்தனை கோடி என்பதோடு நிறுத்தாமல் ஒவ்வொரு ரூட்டிலும் எத்தனை வெள்ளை போர்டு நடை (ட்ரிப்) என்பதையும் அரசு வெளியிடுவதுதான். கோடியை வைத்துத் திட்டம் நன்றாக நடக்கிறதா என்று சொல்ல முடியாது, நடையை வைத்துச் சொல்லலாம்.

அதுவரை அதை நாமே கேட்டு வாங்கலாம். பஸ் நிற்காமல் போனது, கண்டக்டர் மரியாதைக் குறைவாகப் பேசியது போன்றவற்றுக்கு முதல்வரின் உதவி எண் 1100. கூப்பிடும்போது ரூட் நம்பர், பஸ்ஸின் பதிவெண், இடம், நேரம் நாலும் கையில் இருக்கட்டும், இருந்தால் அந்த பூஜ்ஜிய ரூபாய் டிக்கெட்டும். ஆனால் பஸ்ஸே குறைவு என்ற புகாரை போனில் சொன்னால் "நடவடிக்கை எடுக்கிறோம்" என்பதோடு முடிந்துவிடும். அதற்குத் தகவல் உரிமைச் சட்டம்தான் சரி. வெள்ளைத் தாளில் எழுதி, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலர், மாநகர் போக்குவரத்துக் கழகம், பல்லவன் சாலை, சென்னை என்று பதிவுத் தபாலில் அனுப்பினால் போதும். காரணம் சொல்ல வேண்டியதில்லை, 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் அதே அலுவலகத்தில் மேல்முறையீடு செய்யலாம், அதற்குக் கட்டணம் கிடையாது.

கேள்வியைப் பொதுவாக எழுதாதீர்கள், பொதுவாகவே பதில் வரும். உங்கள் ரூட் நம்பரைப் போடுங்கள், ஒரு மாதத்தைக் குறிப்பிடுங்கள். அந்த மாதத்தில் இந்த ரூட்டில் நாள்தோறும் இயக்க ஒப்புதல் பெற்ற சாதாரணக் கட்டண நடைகள் எத்தனை, அவற்றில் உண்மையில் இயக்கியவை எத்தனை, மாலை 5 முதல் 9 வரை எத்தனை, டீலக்ஸ் நடைகள் எத்தனை, வழங்கிய மகளிர் கட்டணமில்லாப் பயணச்சீட்டுகள் எத்தனை. ஒரே தெருவில் நாலு பேர் நாலு ரூட்டுக்குப் போட்டால் இன்னும் நல்லது. பதில் வந்ததும் அதை நகல் எடுத்து உங்கள் வார்டு கவுன்சிலரிடமும் எம்எல்ஏ அலுவலகத்திலும் கொடுத்துவிட்டு, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்து கேளுங்கள்.