பெயரீடு: மஞ்சளின் நிறத்துக்கு வேதியியல் வைத்த பெயர்

ஈரோட்டுச் சந்தையில் மஞ்சளை விரலி, கிழங்கு என்று பிரித்து விலை பேசுவார்கள். எந்த வகையானாலும் அதற்கு நிறம் கொடுப்பது குர்குமின். மஞ்சள் செடியின் பேரினப் பெயரான குர்குமாவிலிருந்து வந்த பெயர் அது. பொருள் எங்கே கிடைத்தது என்பதை அந்தப் பெயர் சொல்லிவிடுகிறது, மூலக்கூறு எப்படி அமைந்திருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. அமைப்பைச் சொல்லும் பெயரை விதிப்படி உருவாக்குவதைத்தான் வேதியியலில் நோமன்கிளேச்சர் என்கிறார்கள்.

சொல் இலத்தீன். நோமன் என்றால் பெயர், கலாரே என்றால் அழைப்பது. எதிரில் வருபவரின் பெயரைத் தலைவனுக்கு எடுத்துச் சொல்லும் அடிமைக்குப் பழைய ரோமில் நோமன்கிளேட்டர் என்று பெயர். கரிமச் சேர்மங்களுக்கு உலகப் பொதுவான விதிகள் 1892இல் ஜெனீவா மாநாட்டில் எழுந்தன. 1919இல் தோன்றிய ஐயுபிஏசி என்னும் பன்னாட்டு வேதியியல் ஒன்றியம் அவற்றை இன்றுவரை திருத்தி வளர்க்கிறது.

தமிழில் 'பெயரிடும் முறை' என்று எழுதுவது வழக்கம். பொருள் சரிதான். ஆனால் கலைச்சொல்லாக 'பெயரீடு' இன்னும் கச்சிதமானது. மதிப்பீடு, குறியீடு ஆகியவற்றோடு இயல்பாகச் சேரும். விதிப்படி கிடைக்கும் பெயரை முறைப்பெயர் என்றும், முன்பிருந்தே புழங்குவதை வழக்குப்பெயர் என்றும் சொல்லலாம்.

வழக்குப்பெயரை இடுகுறிப்பெயர் என்று எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் துணியில் தங்கிய காரத்தைப் போக்க அசிட்டிக் அமிலம் சேர்க்கிறார்கள். வினிகரைக் குறிக்கும் இலத்தீன் சொல்லான அசிட்டம்தான் அந்தப் பெயருக்கு அடி. அதன் முறைப்பெயர் எத்தனாயிக் அமிலம்: 'எத்' என்றால் இரண்டு கார்பன், 'அன்' என்றால் கார்பன்களுக்கிடையே ஒற்றைப் பிணைப்பு, 'ஆயிக்' என்றால் கரிம அமிலம். நம் இலக்கணப்படி இரண்டும் காரணப்பெயர்களே. ஒன்றுக்குக் காரணம் பிறப்பு, மற்றதற்குக் காரணம் அமைப்பு.

இனி குர்குமினின் முறைப்பெயர்: 1,7-பிஸ்(4-ஹைட்ராக்சி-3-மெத்தாக்சிஃபீனைல்)ஹெப்டா-1,6-டையீன்-3,5-டையோன். பார்த்ததும் மலைப்பாக இருக்கும். நடுவிலிருந்து பிரித்தால் விளங்கிவிடும். ஹெப்டா, ஏழு கார்பன் கொண்ட முதன்மைச் சங்கிலி. 1, 6 ஆகிய எண்களில் தொடங்கும் இரண்டு இரட்டைப் பிணைப்புகள் டையீன். 3ஆம், 5ஆம் கார்பன்களில் கீட்டோன் தொகுதிகள், அதாவது அந்தக் கார்பனோடு ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பில் சேர்ந்திருக்கும்; அதுவே டையோன். சங்கிலியின் இரு முனைகளிலும் ஒவ்வொரு பென்சீன் வளையம் தொங்குகிறது. ஒரே வகைத் தொகுதி இரண்டு உண்டு என்பதை 'பிஸ்' காட்டுகிறது. அடைப்புக்குள் இருப்பது அந்த வளையத்தின் விவரம். இரட்டைப் பிணைப்பின் திசையைக் காட்டும் குறி முழுப் பெயரில் முன்னால் வரும். பெயரைக் கேட்ட எவரும், மஞ்சளையே பார்க்காதவரும், மூலக்கூறைத் தாளில் வரைந்துவிடலாம். இதைவிடப் பெரிய வேலையை ஒரு பெயரிடம் எதிர்பார்க்க முடியுமா!

பின்னொட்டு, முன்னொட்டு, பதிலி (ஹைட்ரஜனுக்குப் பதிலாக வந்து இணையும் அணு அல்லது தொகுதி), முதன்மைச் சங்கிலி என விதிகளைப் பேசும் சொற்கள் தமிழில் இருக்க வேண்டும், இருக்கின்றன. பெயரின் உறுப்புகளான எத், ஹெப்டா, ஆயிக் போன்றவற்றை மொழிபெயர்க்கக் கூடாது. உலகம் முழுவதும் பொதுவாக இருப்பதே அவற்றின் பயன்.

ஒலிபெயர்ப்பில் கவனம் வேண்டும். எத்தேன், எத்தீன், எத்தைன் மூன்றும் வெவ்வேறு பொருள்கள்: முறையே ஒற்றை, இரட்டை, முப்பிணைப்பு. வாழைக்காயைப் பழுக்க வைக்கும் எத்திலீனின் முறைப்பெயர் எத்தீன். அதை எத்தேன் என்று அச்சிட்டால் அது காயைப் பழுக்க வைக்காத வேறொரு வாயு.

வரிசையிலும் ஒரு சிக்கல் உண்டு. பதிலிகளை அகரவரிசையில் அடுக்க வேண்டும் என்பது விதி. அது ஆங்கில அகரவரிசை. தமிழ் வரிசைப்படி அடுக்கினால் மெத்தாக்சி முன்னே வந்து, ஹைட்ராக்சி பின்னே போய்விடும். குளோரோவும் புரோமோவும் அப்படியே இடம் மாறும். எழுத்து தமிழாக இருந்தாலும் ஹைட்ராக்சிக்குப் பிறகே மெத்தாக்சி, புரோமோவுக்குப் பிறகே குளோரோ என்று எழுதுவதே முறை.