கண் ஸ்கேனில் மறதி தெரியுமா?

காசிமேடு, தண்டையார்பேட்டை பக்கம் சர்க்கரைக்காகக் கண் காட்டப் போகிறவர்களுக்கு, விழித்திரையை அடுக்கடுக்காகப் படமெடுக்கும் ‘ஓசிடி’ ஸ்கேன் புதிதல்ல. அதே ஸ்கேன் மறதி நோயையும் முன்கூட்டியே சொல்லிவிடும் என்கிறார்கள். பாதிதான் உண்மை.

விழித்திரை, கருவில் மூளையிலிருந்தே முளைத்து வரும் திசு. அதிலிருந்து கிளம்பும் பத்து லட்சம் நரம்பிழைகள் மூளைக்குப் போகின்றன. மூளை நரம்புகள் தேயும்போது இங்கேயும் தேய்வு தெரியலாம் என்பதுதான் அடிப்படை.

1991-இல் அறிமுகமான ஓசிடி, கண்ணுக்குள் அகச்சிவப்பு ஒளியை அனுப்புகிறது. திரும்பி வரும் ஒளியை, கருவிக்குள்ளேயே வேறு பாதையில் போய்வந்த ஒளியோடு கலந்து, எந்த ஆழத்திலிருந்து எவ்வளவு திரும்பியது என்று கணக்கிடுகிறது. மோவாயைத் தாங்கியில் வைத்து, உள்ளே தெரியும் புள்ளியைச் சில விநாடி பார்த்தால் போதும். சுமார் 5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நுணுக்கத்தில் அடுக்கடுக்காகப் படம் வரும். பார்வை நரம்பைச் சுற்றியுள்ள நரம்பிழைப் படலத்தின் சராசரித் தடிமன் நலமான கண்ணில் 90 முதல் 100 மைக்ரான் வரை. தலைமுடியை விடச் சற்றுக் கூடுதல்.

அல்சைமர் என்ற மறதி நோய் உள்ளவர்களைக் கூட்டமாக எடுத்துப் பார்த்தால் இந்தப் படலம் சில மைக்ரான் மெலிந்திருக்கிறது. சிக்கலும் அந்தச் சில மைக்ரானில்தான். ஒரே கண்ணை இரண்டு முறை எடுத்தாலே நாலைந்து மைக்ரான் முன்பின் வரும். அதனால் உங்கள் வீட்டு ஆயா ஒருவரின் ஒற்றை ஸ்கேனை வைத்து எதுவும் சொல்ல முடியாது. படலத்தை மெலிய வைப்பதில் கிளாக்கோமா (பார்வை நரம்பைத் தேய்க்கும் கண் நோய்) முதலிடம், சர்க்கரையும் சேரும். கிட்டப்பார்வை அதிகமுள்ள நீண்ட கண்ணில் நோயில்லாமலே அறிக்கை சிவப்பு காட்டும். அந்தச் சிவப்புக்கு, அதே வயதில் நலமாக இருப்பவர்களில் நூற்றில் ஒருவருக்கே இவ்வளவு குறைவு என்பதுதான் பொருள். நோயின் பெயர் அதில் இல்லை.

மறதிதான் கவலை என்றால் முதலில் நினைவாற்றல் சோதனை, வைட்டமின் பி12, தைராய்டு, மனச்சோர்வு ஆகியவற்றைப் பாருங்கள். ஸ்கேன் எடுத்திருந்தால் அறிக்கையைப் பத்திரப்படுத்தி, அடுத்த முறையும் அதே வகைக் கருவியில் எடுக்கச் சொல்லுங்கள். தாளில், படம் எவ்வளவு தெளிவாகப் பதிந்தது என்று காட்டும் சிக்னல் அளவையும் கவனியுங்கள். சில கருவிகளில் பத்துக்கு ஆறுக்குக் கீழே இருந்தால் நம்ப வேண்டாம். கண்புரை ஒளியை மறைத்தால் படலம் உள்ளதை விட மெலிசாகப் பதியும். புரை அறுவைக்குப் பிறகு புதிதாக ஒரு ஸ்கேன் எடுத்து அங்கிருந்து கணக்கைத் தொடங்க வேண்டும். பழையதோடு ஒப்பிட்டால் நரம்பு வளர்ந்துவிட்ட மாதிரி தெரியும்.