ஊதா கூடினால் செல் பெருகியதா?

சேலத்தில் உயிரித்தொழில்நுட்பம் முதுகலை படிக்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: "ஏற்காட்டுக் காப்பிக்கொட்டைச் சாற்றைப் புற்றுநோய் செல்களுக்குக் கொடுத்தேன் சார். சாறு கூடக் கூட எம்டிடி சோதனையில் ஊதாவும் கூடுகிறது. காப்பி புற்றுநோயை வளர்க்கிறதா?"

கையில் இருக்கும் காப்பியைக் குடித்து முடியுங்கள், பேசலாம்.

எம்டிடி ஒரு மஞ்சள் சாயம். இதை வைத்து உயிருள்ள செல்களை மதிப்பிடும் முறையை மோஸ்மன் 1983இல் வெளியிட்டார். செல்லுக்குள் சாயம் எலக்ட்ரான்களை வாங்கி ஃபார்மசான் என்ற ஊதாப் படிகமாக மாறும். நுண்ணோக்கியில் பார்த்தால் செல்லுக்கு முள் முளைத்ததுபோல ஊசி ஊசியாக நிற்கும். அதைக் கரைத்து, 570 நானோமீட்டர் ஒளியில் அளப்பார்கள். செத்த செல் எலக்ட்ரான் தராது. அதனால் ஊதா அதிகமென்றால் உயிருள்ள செல் அதிகம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

கோளாறு இந்தக் கடைசி வரியில். சாயத்துக்குத் தெரிந்தது எலக்ட்ரான் மட்டுமே. செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கும் கூடமான மைட்டோகாண்ட்ரியாவில் எலக்ட்ரான்கள் ஒரு புரதத்தொகுதியிலிருந்து அடுத்ததற்குக் கைமாறி, நான்காவது தொகுதியில் ஆக்சிஜனைச் சேரும். சயனைடு அந்த நான்காவதை அடைத்துவிடும். நம் ஆத்தூர்ப் பக்கத்து மரவள்ளிக் கிழங்கு நசுங்கும்போது வெளிவருகிற அதே சயனைடுதான். (ஜவ்வரிசி ஆலையில் அரைத்து, கழுவி, வறுப்பதில் பெரும்பாலும் போய்விடும். பாயசத்தை நிறுத்த வேண்டாம்.)

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். திசுத் துண்டுகளில் மைட்டோகாண்ட்ரியாவின் இரண்டாவது தொகுதி வேலை செய்கிறதா என்று பார்க்க, எம்டிடியின் உறவுக்காரச் சாயமொன்றை ஊற்றுவார்கள். கூடவே சயனைடையோ, அதேபோல நான்காவதை அடைக்கும் அசைடையோ வேண்டுமென்றே சேர்ப்பதுண்டு. மூச்சை நிறுத்தும் நஞ்சைச் சேர்த்தால் நிறம் இன்னும் நன்றாக ஏறும்! ஏற்காடு மலைப்பாதையில் மேலே மரம் விழுந்து வழி அடைபட்டால், கீழ் வளைவிலுள்ள டீக்கடையில் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போகுமல்லவா? ஆக்சிஜனுக்குப் போகும் வழி அடைபட்ட எலக்ட்ரான்களும் நடுவில் நிற்கும் சாயத்திடம் திரும்புகின்றன. டீ விற்பனையைப் பார்த்துவிட்டு "போக்குவரத்து அமோகம்" என்று எழுதினால் எப்படி?

முழு செல்லில் கதை இவ்வளவு நேராகப் போகாது. எம்டிடிக்கு எலக்ட்ரான் தருவதில் பெரும்பங்கு மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியே என்று பெரிட்ஜும் டானும் 1993இல் காட்டினார்கள். அப்புறம் சர்க்கரை வேறு. ஆய்வகத்தில் செல் வளர்க்கப் பலரும் பயன்படுத்தும் ஊட்டக் கரைசலில் லிட்டருக்கு 4.5 கிராம் குளுக்கோஸ். வெறும் வயிற்றில் நம் ரத்தத்தில் ஒரு கிராம்கூட இருக்காது. அந்தச் செழிப்பில் புற்றுநோய் செல்கள் மைட்டோகாண்ட்ரியாவைப் பெரிதாக நம்புவதில்லை. ரோட்டினோன் போன்ற மைட்டோகாண்ட்ரியா நஞ்சைக் கொடுத்தாலும் தாக்குப்பிடிக்கும். குளுக்கோஸுக்குப் பதில் கேலக்டோஸ் என்ற வேறு சர்க்கரையைக் கொடுத்துப் பாருங்கள், மைட்டோகாண்ட்ரியாவை நம்பியே ஆகவேண்டிய அதே செல் கொஞ்சம் நஞ்சுக்கே சுருண்டுவிடும்.

சரி, காப்பி? அதிலுள்ள குளோரோஜெனிக் அமிலம் போன்ற பாலிஃபீனால்கள் தாமே எலக்ட்ரான் தரக்கூடியவை. செல்லே இல்லாமல் சாயத்தை ஊதாவாக்க அவற்றால் முடியும். மூலிகைச் சாறுகள் பலவற்றிலும் இதே சிக்கல். "செல்லைக் காக்கும் இலை" என்று வரும் செய்திகளைப் படிக்கும்போது, சோதனைத் தட்டில் செல் இல்லாத குழியில் என்ன நிறம் வந்தது என்று யாராவது கேட்க மாட்டார்களா என்றிருக்கும். நம் கல்லூரிகளுக்கு நிதி போதவில்லை என்பது உண்மை. விலையுயர்ந்த கிட்டுகளை மாணவர்களிடம் எதிர்பார்ப்பது அநியாயம். ஆனால் வெறுங்குழிக்குச் செலவே கிடையாது.

ஆகவே, செல் இல்லாத சில குழிகளில் காப்பிச் சாறும் சாயமும் மட்டும் ஊற்றி வையுங்கள். செல் உள்ள குழிகளில் சாற்றை எடுத்துவிட்டு, உப்புக் கரைசலால் கழுவிய பிறகு சாயம் சேருங்கள். இன்னொரு தட்டில் செல்களைப் பிரித்தெடுத்து, செத்த செல்லை மட்டும் நீலமாக்கும் டிரைபன் புளூ சாயம் போட்டு, உயிருள்ளவற்றை நுண்ணோக்கியில் கண்ணால் எண்ணுங்கள். எண்ணிக்கை ஏறாமல் ஊதா மட்டும் ஏறியிருந்தால், புற்றுநோய் வளர்ந்ததாக ஆய்வேட்டில் எழுத வேண்டாம்.