ஷூ ஏன் கடிக்கிறது, சோல் ஏன் உதிர்கிறது?

என் சித்தப்பாவுக்கு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் வேலை. ஒருமுறை இரண்டு ஜோடி சேஃப்டி ஷூ கிடைத்தது. ஒன்றைப் போட்டுக்கொண்டார், இன்னொன்றைப் பெட்டியோடு பரணில் வைத்தார். நாலு வருடம் கழித்துப் பழையது கிழிந்ததும் பரணில் இருந்ததை எடுத்தார். தோல் புத்தம் புதிதாக மின்னியது. ஆனால் வேலைக்குப் போட்டுப் போன அன்று மதியத்துக்குள் சோல் பழைய ரஸ்க் மாதிரி பொடிப்பொடியாக உதிர்ந்துவிட்டது. “ஒரு நாள்கூடப் போடாத ஷூடா இது!” என்று அவர் கொதித்தார்.

போடாமல் வைத்ததால் ஷூ இளமையாக இருக்கும் என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். நம் ஊரில் விற்கும் சேஃப்டி ஷூக்களில் பெரும்பாலானவற்றின் சோல் பாலியூரித்தேன், கடைக்காரர் மொழியில் பி.யு. அச்சுக்குள் மேல்தோலை மாட்டி, அடியில் திரவமாக இதைச் செலுத்துவார்கள். அது நுரைத்துப் பொங்கி, தோலோடு ஒட்டி இறுகிவிடும். தையலே கிடையாது. நுரைக்குள் இருக்கும் நுண்ணிய குமிழிகள்தான் குதிகால் தரையில் மோதும் வேகத்தைத் தாங்குகின்றன. வேகமாக வரும் பந்தைப் பிடிக்கும்போது கையைச் சற்றுப் பின்னால் இழுப்போமே, அதே வேலைதான். மோதல் நடக்கும் நேரம் நீள்கிறது, அதனால் விசை குறைகிறது.

இந்த பி.யு.வில் பாலியெஸ்டர் வகை ஒன்று உண்டு. அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்து தண்ணீரை வெளியேற்றும்போது உருவாகும் எஸ்டர் பிணைப்புகள் அதன் மூலக்கூறுச் சங்கிலியில் இருக்கின்றன. காற்றின் ஈரம் உள்ளே புகுந்தால் இதே வினை பின்னோக்கி நடக்கிறது: தண்ணீர் பிணைப்பை உடைக்கிறது, உடையும்போது அமிலம் பிறக்கிறது, அந்த அமிலம் அடுத்த பிணைப்பு உடைவதை வேகப்படுத்துகிறது. வெப்பமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். சென்னை மாதிரிக் கடலோர ஊரில், ஓட்டுக்கு அடியில் இருக்கும் பரண் இதற்கென்றே அமைந்த இடம். பாலியீத்தர் வகை பி.யு. ஈரத்தை நன்றாகத் தாங்கும். ரப்பர் சோலுக்கு இந்த நோயே வராது, ஆனால் எடை கூடும்.

அதனால் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது தயாரிப்புத் தேதி. பாதுகாப்புக் காலணிக்கான தர விதிகளின்படி அதை ஷூவிலேயே குறித்திருக்க வேண்டும். பெரும்பாலும் நாக்கின் உட்புறத்திலோ சோலின் அடியிலோ இருக்கும். தள்ளுபடியில் கிடைக்கும் மூன்று வருடப் பழைய பி.யு. ஷூ லாபமே இல்லை.

அங்கேயே ஐஎஸ் 15298 (பகுதி 2) என்ற எண்ணும் ஐஎஸ்ஐ முத்திரையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். விரல்களைக் காக்க ஷூவின் முனைக்குள் வைக்கும் கெட்டியான விரல் மூடிக்கான சோதனையை அந்த எண் சொல்கிறது. 20 கிலோ எடையுள்ள ஆப்பை ஒரு மீட்டருக்குச் சற்று மேலிருந்து மூடியின் மேல் போடுவார்கள். அந்த மோதல் 200 ஜூல். 10 கிலோ இரும்பு 2 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதும் கிட்டத்தட்ட அதே அளவுதான். மூடி நசுங்கலாம், ஆனால் உள்ளே விரலுக்கு இடம் மிஞ்ச வேண்டும். ஷூவின் அளவைப் பொறுத்து 12.5 முதல் 15 மில்லிமீட்டர் வரை. உள்ளே களிமண் உருளை ஒன்றை வைத்து, அடி விழுந்த பிறகு அதன் உயரத்தை அளந்து பார்ப்பார்கள். மெல்ல அழுத்தும் சோதனை தனியாக உண்டு, அதில் சுமார் ஒன்றரை டன் எடைக்குச் சமமான அழுத்தத்தை மூடி தாங்க வேண்டும். ஒருமுறை பலத்த அடி வாங்கிய ஷூவை வெளியே ஒன்றும் தெரியவில்லையே என்று தொடர்ந்து போடக்கூடாது. மூடி வளைந்தோ விரிசல் விட்டோ தன் வேலையை முடித்திருக்கும்.

மூடி இரும்பிலும் வரும், கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக்கிலும் வரும். பிளாஸ்டிக் மூடி சற்றுத் தடிமன், ஆனால் எடை குறைவு. காலில் ஏறும் எடை தோளில் ஏறும் எடை மாதிரி இல்லை. ஒவ்வோர் எட்டிலும் பாதத்தைத் தூக்கி, முன்னே வீசி, மறுபடி நிறுத்த வேண்டும். ஒவ்வொரு ஷூவிலும் 100 கிராம் கூடினால் உடல் செலவழிக்கும் ஆக்சிஜன் ஏறத்தாழ 1 சதவீதம் கூடுகிறது. நாள் முழுக்க நடக்கிறவருக்கு அது சாயங்காலக் களைப்பாக வந்து சேரும்.

எடையைவிட முக்கியமானது ஷூ எந்த இடத்தில் மடங்குகிறது என்பது. நடக்கும்போது குதிகால் எழும்ப, விரல்களின் அடிமூட்டில் பாதம் மடங்குகிறது. அப்போது உள்ளங்காலில் ஓடும் கெட்டியான தசைநார்ப் பட்டை, உருளையில் சுற்றிய கயிறு போல இறுகி, பாதத்தின் வளைவைத் தூக்கி நிறுத்துகிறது. ஹிக்ஸ் என்பவர் 1954இல் இதை விளக்கினார். தளர்ந்து கிடந்த பாதம் அந்தக் கணத்தில் உறுதியான நெம்புகோலாகிறது. ஷூ அதே கோட்டில் மடங்காவிட்டால் ஒவ்வோர் எட்டும் அதோடு மல்லுக்கட்டுதான்.

இங்கேதான் நம் ஊர்ச் சிக்கல் ஒன்று வருகிறது. சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுக்கப் பாத அளவுகளை எடுத்துப் பார்த்ததில், இந்தியர்களின் பாதம் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட அகலமானது என்று தெரிந்தது. அகலம் போதாமல் நாம் ஒரு சைஸ் கூட்டி வாங்குகிறோம். நீளம் கூடுவதால் ஷூவின் மடிப்புக் கோடு முன்னால் நகர்ந்துவிடுகிறது, குதிகாலும் உள்ளே ஏறி இறங்குகிறது. அகலப் பொருத்தம் உள்ள மாடலைத் தேடுவதுதான் சரியான வழி. மதியத்துக்குமேல் கால் சற்று வீங்கியிருக்கும், அந்த நேரத்தில் வேலைக்குப் போடும் சாக்ஸோடு போய்ப் பாருங்கள். கடையிலேயே குத்தவைத்து உட்காருங்கள். விரல் மூடியின் பின்விளிம்பு மேல்பாதத்தில் அழுத்தினால் அந்த ஷூ வேண்டாம், டைல்ஸ் ஒட்டுகிறவருக்கும் வெல்டிங் செய்கிறவருக்கும் அதே நிலையில்தான் பாதி நாள் போகும்.

லூசான ஷூ கடிக்காது என்ற நம்பிக்கையும் தவறு. ‘கடி’ என்பது மேல்தோல் தேய்வது மட்டுமல்ல. தோலின் மேற்பரப்பு சாக்ஸோடு ஒட்டி நிற்க, உள்ளே எலும்பு முன்னும் பின்னும் நகர்கிறது. நடுவில் மாட்டிக்கொண்ட தோலடுக்கு இழுபட்டு இழுபட்டுக் கிழிகிறது, அந்த இடைவெளியில் நீர் சேர்ந்து கொப்புளம் ஆகிறது. லேசாக ஈரமான தோலில் உராய்வு இன்னும் அதிகம். எனவே லேஸை மேல் துளைவரை கோத்து இறுக்கிக் குதிகாலை அசையாமல் நிறுத்துங்கள், வியர்வையை உறிஞ்சிக்கொண்டு ஈரமாகவே கிடக்கும் பருத்தி சாக்ஸைத் தவிருங்கள். முடிந்தால் இரண்டு ஜோடியை மாற்றி மாற்றிப் போடுங்கள். நனைந்த ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்து நிழலில் காயவைக்க வேண்டும். கொளுத்தும் வெயிலிலோ அடுப்பருகிலோ வைத்தால் தோல் விறைத்து மடிப்பில் வெடிக்கும்.

ஷூவின் மேல்தோலைப் பற்றி ஒரு வார்த்தை. விலங்குத் தோலின் மேலடுக்கில் இழைகள் நெருக்கமாகப் பின்னியிருக்கும், அதுதான் உழைக்கும். அடியடுக்கைச் சீவியெடுத்து, மேலே பிளாஸ்டிக் பூசி, மேலடுக்கு போலவே அச்சு குத்தியும் விற்கிறார்கள். வெட்டு விளிம்பு தெரியும் இடத்தில் உற்றுப் பாருங்கள், பூச்சு தனிப்படலமாகத் தெரிந்தால் அது அடியடுக்கு. மடிப்பில்தான் முதலில் உரியும்.

எவ்வளவு நல்ல தோல் ஷூவானாலும் கான்கிரீட் போடும் இடத்துக்கு ஆகாது. ஈரச் சிமெண்டின் காரத்தன்மை பிஎச் அளவில் 12க்கும் மேல். அது ஷூவின் தோலையும் கெடுக்கும், லேஸ் வழியாக இறங்கி நம் தோலையும் அரிக்கும். அங்கே வெறுங்காலோடும் ஹவாய் செருப்போடும் நிற்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு பதைக்கிறது. அந்த வேலைக்கு முழங்காலை எட்டும் கம்பூட்தான் வேண்டும். அதற்குள் சிமெண்ட் தண்ணீர் போய்விட்டால் அப்போதே கழற்றி, நிறையத் தண்ணீரில் காலைக் கழுவிவிடுங்கள். ஆரம்பத்தில் வலியே தெரியாது. எரிச்சல் தெரியட்டும் என்று காத்திருந்தால், அதற்குள் தோல் வெந்திருக்கும்.