செத்த கோழியையும் கொண்டு வாருங்கள்

"நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு, டாக்டர்."

கோழியோடு வருகிறவர்கள் அட்டைப்பெட்டியை மேசையில் வைத்துவிட்டு அநேகமாக இதைத்தான் முதலில் சொல்வார்கள். பெட்டியைத் திறந்தால் கோழி கழுத்தை உள்ளிழுத்து, இறகைச் சிலிர்த்துக்கொண்டு பந்து மாதிரி உட்கார்ந்திருக்கும். கண் பாதி மூடியிருக்கும். கையில் எடுத்து நெஞ்சைத் தடவினால் நடு எலும்பு கத்தி முனை போல விரலில் தட்டும். நெஞ்சுச் சதை ஒரே ராத்திரியில் இப்படிக் கரையாது. பல நாளாகவே அது சரியாகத் தின்றிருக்காது. வளர்க்கிறவர் பொய் சொல்லவில்லை, கோழிதான் மறைத்துவிட்டது.

கோழி இரையாகிற உயிர். சோர்வை வெளியே காட்டினால் மேலே பருந்து கவனிக்கும், கீழே கூட்டத்துக் கோழிகளே கொத்தி ஒதுக்கும். அதனால் முடிகிற வரைக்கும் மற்றவற்றோடு சேர்ந்து ஓடும், தீவனத்தைக் கொத்துவது போலப் பாவனைகூடச் செய்யும். 'சீக்குக் கோழி மாதிரி தூங்கி விழுகிறான்' என்று மனிதர்களைச் சொல்கிறோம் அல்லவா, ஒரு கோழி அந்த நிலைக்கு வந்துவிட்டது என்றால் நோய் பாதித் தூரத்தைக் கடந்துவிட்டது என்று பொருள்.

ஆகவே வீட்டில் பத்துக் கோழி வைத்திருந்தாலும் சரி, ஐம்பது வைத்திருந்தாலும் சரி, நான் எல்லோரிடமும் கேட்பது ஒன்றுதான். ஒரு நாளைக்கு இரண்டு வேளை நின்று பாருங்கள். காலையில் கூண்டைத் திறந்ததும் தீவனத்தைக் கொட்டிவிட்டுப் போய்விடாதீர்கள். யார் முதலில் பாய்ந்து வருகிறார்கள், யார் பின்னால் வருகிறார்கள் என்று ஒரு நிமிஷம் கவனியுங்கள். எப்போதும் இரண்டாவதாக ஓடி வருகிற பெட்டை இன்றைக்குக் கடைசியில் நடந்து வந்தால், அதைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டிய நாள் இன்றுதான்.

அப்புறம் ராத்திரி, கோழிகள் அடைந்த பிறகு, இரைப்பையைத் தொட்டுப் பாருங்கள். கழுத்தும் நெஞ்சும் சேருகிற இடத்தில், கோழியின் வலப்பக்கமாக அந்தப் பை இருக்கும். அடைகிற நேரத்தில் நிறைந்திருக்க வேண்டும், விடியும்போது வற்றியிருக்க வேண்டும். ராத்திரியே காலியாக இருந்தால் அன்றைக்கு அது தின்னவில்லை. விடிந்தும் கனத்துக் கிடந்தால் தின்றது கீழே இறங்கவில்லை. இருட்டில் இரண்டே நிமிஷ வேலை. எந்தக் கருவியும் வேண்டாம். எச்சத்தையும் பாருங்கள். கெட்டியாக, மேலே வெள்ளைத் தொப்பி வைத்தது போல இருப்பது நல்ல எச்சம். இடையிடையே பழுப்பாக, குழைவாக, நாற்றத்தோடு ஒன்று விழும். அது பெருங்குடல் பக்கத்துப் பைகளிலிருந்து வருவது, இயல்பானது. அதைக் கழிச்சல் என்று நினைத்துப் பதறி வருகிறவர்கள் உண்டு. தண்ணீராகப் பச்சையும் வெள்ளையுமாகப் போனாலோ, ரத்தம் கலந்திருந்தாலோதான் பதற வேண்டும்.

இந்தக் கட்டுரையை எழுத வைத்த சம்பவத்துக்கு வருகிறேன். ஒரு அம்மா செய்தித்தாளில் சுற்றி ஒரு குஞ்சைக் கொண்டு வந்தார். ஐந்து வாரக் குஞ்சு, செத்துப் பல மணி நேரம் ஆகியிருந்தது. "செத்ததைக் கொண்டு வந்து என்ன புண்ணியம்னு வீட்ல திட்டினாங்க. மனசு கேக்கல" என்றார். பதினான்கு குஞ்சுகளில் இது மூன்றாவது. முதல் இரண்டையும் புதைத்துவிட்டாராம்.

அறுத்துப் பார்த்தேன். குடலின் கடைசியில் இரட்டைப் பைகள் இருக்கும், ஒரு முனை மூடிய இரண்டு சின்னக் குழாய் மாதிரி. அன்றைக்கு அவை இரண்டும் கருஞ்சிவப்பாகப் புடைத்துக்கொண்டிருந்தன. கத்தரியால் கீறியதும் உறைந்த ரத்தம் கட்டியாக வெளியே வந்தது. ரத்தக் கழிச்சல். ஒரு செல் ஒட்டுண்ணியால் வருவது, மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சுகளை அதிகம் தாக்குவது. எச்சத்தோடு வெளியே வரும் அதன் முட்டைகள் ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்தால் இரண்டு நாளுக்குள் தொற்றக்கூடியவையாக மாறிவிடும். "தண்ணிப் பாத்திரத்துக்குக் கீழே மரத்தூள் ஈரமா இருக்கா?" என்று கேட்டேன். "சொதசொதன்னு இருக்கும்" என்றார்.

மிச்சம் இருந்த பதினொன்றுக்கும் அன்றைக்கே தண்ணீரில் ஆம்புரோலியம் தொடங்கினோம். ஈரத் தூளை அள்ளிக் கொட்டிவிட்டு, தண்ணீர்ப் பாத்திரத்தைச் செங்கல் மேல் உயர்த்தி வைக்கச் சொன்னேன். இந்த மருந்து கொடுக்கிற நாட்களில் பி வைட்டமின் டானிக்கை நிறுத்தி வைக்க வேண்டும் என்பதையும் சொன்னேன். ஒட்டுண்ணிக்கு தயமின் என்கிற பி1 வைட்டமின் கிடைக்காமல் செய்துதான் இந்த மருந்து வேலை செய்கிறது. சத்து கொடுக்கிறோம் என்று நினைத்து டானிக்கும் சேர்த்துக் கொடுத்தால் மருந்து வீணாகும். பத்துக் குஞ்சு பிழைத்தன.

மறுபடி வந்தபோது அவர் கேட்டார்: "முதல்ல செத்ததையே கொண்டு வந்திருந்தா மத்ததும் பிழைச்சிருக்குமா?" பிழைத்திருக்கலாம் என்றேன். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு மாதிரி சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

செத்த கோழியால் இனி என்ன பயன் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் கூட்டமாக வளர்கிற உயிரில், செத்துப் போன ஒன்றின் உடல் மிச்சம் இருக்கும் அத்தனைக்கும் வைத்தியம் சொல்லும். உயிரோடு இருக்கிற கோழியின் சளியைப் பார்த்து நான் நாலு நோயைச் சந்தேகிப்பேன். செத்ததை அறுத்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒன்றில் வந்து நிற்பேன். கொண்டு வருகிற முறை முக்கியம். இறகுகள் உடல் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்வதால் உள்ளுறுப்புகள் சீக்கிரம் அழுகும். சோப்புக் கலந்த குளிர்ந்த தண்ணீரில் இறகு முழுக்க நனையும்படி முக்கி எடுத்து, இரண்டு பிளாஸ்டிக் பைகளில் போட்டுக் கட்டி, குளிர்ச்சியில் வையுங்கள். உறைபெட்டியில் வைக்காதீர்கள். உறைந்தால் திசுக்கள் சிதைந்து, நுண்ணோக்கியில் பார்ப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. சாப்பாட்டுப் பொருள் இருக்கிற குளிர்பெட்டியும் வேண்டாம், ஐஸ் போட்ட தனிப் பெட்டி போதும். ஒரு நாளுக்குள் கொண்டு வந்துவிடுங்கள். தொடும்போது கையுறை, தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுதல்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. நேற்று வரை ஓடிக்கொண்டிருந்த கோழிகள் ஒரு நாள், இரண்டு நாளுக்குள் கொத்தாகச் செத்து, கொண்டையும் தாடியும் நீலம் பாய்ந்து, தலை வீங்கியிருந்தால் எதையும் தூக்கிக்கொண்டு கிளம்பாதீர்கள், அறுக்காதீர்கள், சமைக்காதீர்கள். இருந்த இடத்திலிருந்தே கால்நடை மருத்துவத் துறைக்குத் தகவல் சொல்லுங்கள். பறவைக் காய்ச்சலாக இருந்தால் உங்கள் செருப்பிலும் வண்டிச் சக்கரத்திலும்கூட அது ஊர் தாண்டிப் போகும்.

சீக்கு வந்ததும் மிச்சத்தை அவசரமாக விற்றுவிடுகிற பழக்கம் இருக்கிறதே, அதைக் கேள்விப்படும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. வாங்கிப் போகிறவர் வீட்டுக் கூட்டத்துக்கு நோயைக் கூடையில் வைத்துக் கொடுத்தனுப்புகிறோம். நான் பார்த்த நோய்ப் பரவல்களில் பலவற்றுக்கு, கொஞ்ச நாள் முன்னால் புதிதாக வந்து சேர்ந்த ஒரு சேவலோ பெட்டையோதான் தொடக்கம். புதுக் கோழி எவ்வளவு அழகாக இருந்தாலும் முப்பது நாள் தனியாக இருக்கட்டும். முதலில் பழைய கோழிகளுக்குத் தீவனம், கடைசியில் அதற்கு. சீக்குக் கோழி இருந்தாலும் இதே வரிசைதான்.

ராணிக்கெட் என்கிற வெள்ளைக் கழிச்சலுக்கு மருந்தே கிடையாது. அது வைரஸ். வீட்டில் மிச்சமிருந்த ஆன்டிபயாட்டிக்கை எவ்வளவு கொடுத்தாலும் கழுத்து முறுக்கிக்கொண்ட கோழி அதனால் எழுந்திருக்காது. தடுப்பூசி ஒன்றுதான் வழி. முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, அப்புறம் உங்கள் மருத்துவர் சொல்கிற கணக்குப்படி அடுத்தடுத்து. போட்டும் நோய் வந்துவிட்டது என்று வருகிறவர்களிடம் விசாரித்தால், பெரும்பாலும் மருந்துக் குப்பி வெயிலில் வந்திருக்கும், அல்லது காலையில் கரைத்ததை மாலை வரை போட்டிருப்பார்கள். அது உயிருள்ள தடுப்பு மருந்து. 2 முதல் 8 டிகிரி குளிர்ச்சியிலேயே வர வேண்டும், கரைத்த பிறகு இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும்.

கோழிதானே என்று மற்றவர்கள் சொல்வதைக் கேட்டு, அழுகையை அடக்கிக்கொண்டு என் முன்னால் உட்காருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கையால் தீனி வைத்து வளர்த்தது செத்தால் அழுகை வரத்தான் செய்யும். அடக்க வேண்டாம். பிழைக்காது என்று தெரிந்து, மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கும் கோழியை வலியில்லாமல் அனுப்பிவைக்க மருத்துவரால் முடியும். அதைக் கேட்கத் தயங்காதீர்கள், கேட்பது கொடுமை இல்லை. புதைக்கும்போது நாய் தோண்டாத ஆழத்தில், கிணற்றுக்கு எட்டத்தில், சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.

குஞ்சு பொரிப்பில் சிக்கல் தலைகீழ். சீக்கை நாம் தாமதமாகப் பார்க்கிறோம், பொரிப்பிலோ கை முந்திக்கொள்கிறது.

அடைக்கு உட்கார்ந்த பெட்டை இருபத்தொரு நாளில் தன் வேலையைத் தானே முடிக்கும். ஏழு நாளுக்கு மேல் ஆகாத முட்டையாகப் பார்த்து, அதன் நெஞ்சுக்குள் அடங்குகிற அளவுக்கு, பத்துப் பன்னிரண்டு வைத்தால் போதும். ஏழாம் நாள் இருட்டில் டார்ச் வைத்துப் பார்த்தால் கருவுள்ள முட்டையில் நடுவில் ஒரு புள்ளியும் அதைச் சுற்றிச் சிலந்தி மாதிரி ரத்தக்குழாய்களும் தெரியும். ஒன்றும் தெரியாமல் வெளிச்சமாகவே இருப்பது கூமுட்டை, எடுத்துவிடுங்கள். இந்த நாட்களில் தாயை மறந்துவிடாதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு முறைதான் எழுந்து வரும், குறைவாகத் தின்னும், அசையாமல் உட்கார்ந்திருப்பதால் செள் ஏறும். கொண்டை வெளுத்தால் சிறகுக்குக் கீழே பாருங்கள்.

நான் படித்து முடித்த புதிதில் அக்கா வீட்டில் ஒரு முட்டை. காலையில் அலகால் ஓட்டை விழுந்தது, சாயந்திரம் வரை அப்படியே நின்றது. "மாமா, அதுக்கு மூச்சு முட்டுது, எடுத்து விடுங்க" என்று அக்கா மகள் கெஞ்சினாள். நானும் இடுக்கியால் ஓட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்தேன். உள்சவ்வைத் தொட்டதும் ரத்தம் கசிந்தது. குஞ்சின் தொப்புளில் மஞ்சள் கரு இன்னும் முழுதாக உள்ளே போகாமல் தொங்கிக்கொண்டிருந்தது. ராத்திரியே செத்துப் போனது.

ஓட்டையிட்ட பிறகு குஞ்சு சும்மா இருப்பதாகத் தோன்றுகிற அந்தப் பன்னிரண்டு முதல் இருபத்து நான்கு மணி நேரத்தில்தான் சவ்விலுள்ள ரத்தம் உடலுக்குள் திரும்புகிறது, மஞ்சள் கரு வயிற்றுக்குள் இழுபடுகிறது. அந்தக் கருவை வைத்துக்கொண்டு வெளியே வந்த பிறகும் இரண்டு நாள் தீனியில்லாமல் இருக்கும். அதனால் முதலில் பொரித்ததற்குத் தீனி கொடுக்க வேண்டுமே என்று தாயைக் கிளப்ப வேண்டாம். ஈரமாக, அசிங்கமாகக் கிடப்பதைப் பார்த்தும் பயப்பட வேண்டாம், சில மணி நேரத்தில் பஞ்சாகிவிடும்.

தாயில்லாமல் விளக்கு வெப்பத்தில் வளர்ப்பதாக இருந்தால் முதல் வாரம் 35 டிகிரி, அப்புறம் வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறையுங்கள். விளக்குக்குக் கீழே அப்பிக்கொண்டால் குளிர்கிறது, ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்தால் சூடு அதிகம். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடுங்கள், மூழ்காது. பின்புறத்தில் எச்சம் ஒட்டிக் காய்ந்திருந்தால் பிய்க்காமல் வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்து ஊறவைத்துத் துடையுங்கள்.

பதினான்கு குஞ்சுகளோடு வந்தாரே அந்த அம்மா, போன வாரம் போன் செய்தார். அந்தப் பத்தில் ஒரு பெட்டை வளர்ந்து இப்போது அடை வைத்திருக்கிறதாம். பதினொன்றில் ஒன்பது பொரித்துவிட்டது, இருபத்து மூன்றாம் நாளாகியும் இரண்டு அப்படியே கிடக்கிறது, தூக்கிப் போட்டுவிடலாமா என்று கேட்டார். கொல்லைக்குக் கொண்டு போய், முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு உடைத்துப் பார்க்கச் சொன்னேன். கால் மணி நேரம் கழித்துத் திரும்பக் கூப்பிட்டார். ஒன்று வெறும் கூமுட்டை. இன்னொன்றில் ஒரு சிவப்பு வளையம் மட்டும் இருந்ததாம். அது முதல் வாரத்திலேயே நின்றுபோன கரு என்று சொன்னேன். "அந்த வாரம் ஒரு ராத்திரி நாய் விரட்டி பெட்டை வெளியிலேயே இருந்துச்சு டாக்டர், அதனால இருக்குமோ?" என்றார். இருக்கலாம், அடுத்த முறை கூண்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுவிடுங்கள் என்றேன்.